தடியனின் கை

பூட்டு ஜெயித்தால் அன்று மாலை அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள். மறுநாள் காலை அவள் வந்து உட்காரும்போது, முந்தின நாள் எந்தச் சந்து வழியாக நுழைந்து ஜெயித்தாளோ அந்தச் சந்தை அடைத்து வைத்திருப்பார்கள். அப்படி அடைப்பதற்காகத்தான் அவளை வேலைக்கே வைத்திருந்தார்கள்.

அது செஸ் ஆடும் கணினி நிரலைச் செய்கிற கம்பெனி. நிரலுக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. ஆரம்பத்தில் அது ஓடிய இயந்திரத்தை இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியிருந்ததால் தடியன் என்று பெயர் விழுந்துவிட்டது. இப்போது தடியன் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டிக்குள் அடங்கிவிட்டான். பெயர் மட்டும் மெலியவில்லை.

பூட்டு என்பதும் அப்படி விழுந்த பெயர்தான். ஒரு காலத்தில் அவள் போட்டிகளுக்குப் போய் மாஸ்டர் பட்டம் வாங்கினவள். தன் சிப்பாய்களை எதிராளியின் சிப்பாய்களோடு மூக்கும் மூக்கும் முட்ட நிறுத்தி, ஒன்றும் நகர முடியாமல் பலகையையே அடைத்துவிடுவாள். எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டு, காபி குடித்து, பொறுமை இழந்து எங்கேயாவது தலையை நீட்டும்போது பிடித்துக்கொள்வாள். அப்படித் தோற்றுப்போன ஒருவர், "இந்தம்மாகிட்ட மாட்டினா உள்ள தள்ளிப் பூட்டிட்டுப் போயிடுது" என்று சொன்னது ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் பிடித்துப் போயிற்று.

அவள் வேலை செய்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் அடுக்கிய கிடங்கு; மறுபக்கம் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் இயந்திர அறை. கதவு உள்ளிருந்து பொத்தானை அமுக்கினால்தான் திறக்கும். பொத்தான் பல நாள் மக்கர் பண்ணும். அப்போது உள்ளங்கையால் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் சோடாபுட்டி வந்து திறப்பான்.

சோடாபுட்டிதான் தடியனை எழுதுகிறவர்களில் முக்கியமானவன். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருப்பது மனிதனா அலமாரியா என்று தெரியாது. கெட்டிக்காரன், நல்லவன், ஆனால் செஸ் காயை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவன்.

"தட்டாதீங்கக்கா, ஜெயிலு மாதிரி இருக்கு" என்பான் கதவைத் திறந்தபடி.

"அப்ப பொத்தானை ரிப்பேர் பண்ணு."

"தடியனை ரிப்பேர் பண்ணவே நேரமில்ல. பொத்தானுக்கு எங்க போறது?"

முதல் வருடம் அவள் இஷ்டத்துக்கு ஜெயித்தாள். தடியனுக்கு ராஜாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது, அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓரத்தில் ஒதுங்கிய குதிரையை மறந்துவிடுவான். அதையும் சரி செய்தார்கள். கேக் வெட்டுவது மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு யாருக்காவது பிறந்தநாள் வந்தால்தான் கேக் என்றாயிற்று. பூட்டு தோற்றுக்கொண்டே இருந்தாள். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. தோற்ற ஆட்டத்தை யாரும் வந்து கேட்பதில்லை. அந்த அலுவலகத்தில் தடியன் தோற்ற ஆட்டத்தை மட்டும்தான் திறந்து, பிரித்து, கூட்டம் போட்டுப் பார்ப்பார்கள். ஜெயித்த ஆட்டம் ஜெயித்த ஆட்டம்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அதனால்தான் அவளால் ஒன்றை ஒளித்து வைக்க முடிந்தது.

ஒரு நாள் அவளுக்குச் சரியான தலைவலி. வீட்டுக்குப் போகும் நேரம் வரை ஒப்பேற்றினால் போதும் என்று பலகையை முழுக்க அடைத்தாள். அடைப்பதற்காகத் தன் யானை ஒன்றைக் கொடுத்து அவனுடைய பிஷப்பை வாங்கிக்கொண்டாள். பிறகு ராஜாவை இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் நகர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தடியனால் உள்ளே வர முடியவில்லை. அவனும் யானையை, ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா ஆகிவிடாதபடி கட்டம் மாற்றி மாற்றி, இங்கேயும் அங்கேயும் நகர்த்தினான். செஸ்ஸில் ஒரு விதி உண்டு: ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் அசையாமல் இரண்டு பக்கமும் ஐம்பது முறை ஆடிவிட்டால், யாருக்கும் வெற்றியில்லை, டிரா. அந்த எல்லை நெருங்க நெருங்க, திரையில் அவன் போடும் கணக்கு மாறுவதை அவள் கவனித்தாள். பிஷப்பைவிட யானை பெரிது, தன்னிடம் ஒரு யானை அதிகம், அதனால் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவன் நம்பினான். ஜெயிக்கிறவன் டிராவுக்கு ஒத்துக்கொள்வானா? டிராவைத் தவிர்க்க, எல்லைக்கு ஒரு அடி முன்னால், தன் சிப்பாயைத் தானே தள்ளித் தன் சுவரைத் தானே இடித்துக்கொண்டான். அந்த ஓட்டை வழியாக நுழைந்தால் அவன் செத்தான்.

பூட்டுக்குத் தலைவலி பறந்துவிட்டது. தடியனுக்கு அடைபட்டுக் கிடக்கத் தெரியவில்லை. அவளுக்கு அது ஒன்றுதான் நன்றாகத் தெரியும்.

கை அந்த ஓட்டையை நோக்கிப் போயிற்று. பிறகு அவள் அதைத் திருப்பிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு முட்டாள் ஆட்டம் ஆடித் தோற்றாள். தடியன் ஜெயித்த ஆட்டங்களோடு அதுவும் போய்ச் சேர்ந்தது. கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, முகம் பளபளன்னு இருக்கு? ஜெயிச்சீங்களா?"

"தலைவலி போயிருச்சு" என்றாள்.

சம்பளத்துக்காக மட்டும் அவள் அதை ஒளிக்கவில்லை. போட்டிகளுக்கு அவளை அழைப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்து எடுத்து அவர்களே ஓய்ந்துபோயிருந்தார்கள். பலகைக்கு முன்னால் அவள் உட்கார இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஜன்னலில்லாத அறையின் நாற்காலி ஒன்றுதான். இனி அவளால் தடியனை ஜெயிக்கவே முடியாது என்று முடிவாகிவிட்டால் அந்த நாற்காலியும் போகும். கடைசியாக ஒரு முறை ஜெயிக்க ஒரு வழியைக் கையில் வைத்திருப்பது, முந்தானையில் முடிந்து வைத்த சாவி மாதிரி தெம்பாக இருந்தது.

இப்படி இருக்கும்போது முதலாளி அவளைக் கூப்பிட்டார். நல்ல செய்தி சொல்லும்போதும் கெட்ட செய்தி சொல்லும்போதும் ஒரே மாதிரி சிரிக்கிற மனிதர்.

"தடியனுக்குப் போட்டி ஏற்பாடு பண்ணியாச்சு. மூணு ஆட்டம், மேடையில, எல்லாரும் பார்க்க. எதிர்ல யாரு தெரியுமா?"

"தெரியாது சார்."

"உன் தங்கச்சி."

பூட்டின் தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். அவள்தான் அப்போது நாட்டின் சாம்பியன். பூட்டு பலகையை அடைப்பாள் என்றால் சின்னவள் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டுக் காற்றாக ஆடுவாள். திறந்த பலகையில் தடியனோடு மோதுவது ரயிலோடு மோதுவது மாதிரி. அது பூட்டுக்குத் தெரியும்.

"அப்புறம் இன்னொண்ணு" என்று முதலாளி அதே சிரிப்போடு தொடர்ந்தார். "நீ ஜெயிச்சே ரொம்ப நாளாச்சு. தப்பா நினைக்காத. இனிமே மனுஷங்களை வெச்சு சோதிக்கணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. போட்டி முடியட்டும். முடிஞ்ச திங்கக்கிழமை உக்காந்து ஆடு. ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டு. காட்டினா இருக்கலாம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா கேக் வெட்டி அனுப்பி வைப்போம்" என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

ஆகக் கணக்கு அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. திங்கட்கிழமை வரை அந்த ஓட்டை வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றே அடைத்துவிடுவார்கள். அவள் கையில் ஒன்றும் இருக்காது.

அன்று மாலை சின்னவள் போன் பண்ணினாள்.

"அக்கா, உங்க தடியன்கூட எனக்கு ஜோடி போட்டுட்டாங்க, கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன். உனக்கு வேற வேலை இல்லையாடி? எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"நான் ஒத்துக்கலைன்னா பயந்துட்டேன்னு எழுதுவாங்க. சரி, அதை விடு. நாளையிலேர்ந்து நாம ரெண்டு பேரும் பேசக்கூடாதாம். நடுவர் சொல்லிட்டார். அதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கறேன்." குரலைத் தணித்துக்கொண்டாள். "அவன்கிட்ட ஏதாவது இருக்காக்கா?"

"என்ன ஏதாவது?"

"நடிக்காத. ஓட்டை."

பூட்டு சமையலறையில் நின்றிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லடி. எல்லாத்தையும் அடைச்சுட்டாங்க."

"ஒண்ணுகூடவா?"

"இருந்தா நான் ஏன் தினம் ரெண்டு தடவை உதை வாங்கறேன்?"

சின்னவள் சிரித்தாள். "சரி விடு. உனக்கு விழற உதை எனக்கும் விழட்டும். குடும்பச் சொத்து."

போனை வைத்த பிறகும் பூட்டு அடுப்பை அணைக்கவில்லை. தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும் வாசனை வந்த பிறகுதான் அசைந்தாள்.

போட்டி ஒரு பெரிய கூட்ட அரங்கில் நடந்தது. மேடையில் மேசை, அதன் மேல் மரப்பலகை, பக்கத்தில் கடிகாரம். ஒரு பக்கம் சின்னவள். மறுபக்கம் தடியனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. திரையில் அவன் சொல்லும் ஆட்டத்தைப் பலகையில் ஆடிக் காட்ட ஒரு ஆள். முதல் ஆட்டத்துக்குச் சோடாபுட்டி, புதுச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு, தானே உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் சும்மா இருந்தானா? தடியனுக்கு அன்று கறுப்புக் காய். திரையில் பலகை வெள்ளைப் பக்கத்திலிருந்து தெரிந்தது. இவன் கறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் இடது ஓரம் என்று பார்த்ததைப் பலகையிலும் இடது ஓரத்திலேயே ஆடினான். அதாவது நேர் எதிர் ஓரத்தில். சின்னவள் பலகையைப் பார்த்தாள், சோடாபுட்டியைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நடுவர் ஓடிவந்தார். இவன் பதறி எழுந்ததில் முழங்கை பட்டு ராஜாவே உருண்டு மேசைக்குக் கீழே போய்விட்டது. நாலு பேர் மண்டியிட்டு ராஜாவைத் தேடினார்கள்.

தேடி எடுத்து, ஆட்டத்தைச் சரிசெய்து, தொடர்ந்து ஆடியதில் சின்னவள் தோற்றாள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

"இனிமே இவன் மேடை பக்கமே வரக்கூடாது" என்றார் நடுவர். "காயைப் பிடிக்கத் தெரிஞ்ச ஆளைப் போடுங்க."

முதலாளியின் முகம் மலர்ந்தது. அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தால் எத்தனை நல்ல படம்! சின்னவளிடம் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள்.

"அக்காதானே? உக்காரட்டும்" என்றாள் அவள்.

அப்படித்தான் பூட்டு தடியனின் கை ஆனாள். பேசக்கூடாது. முகத்தில் எதையும் காட்டக்கூடாது. திரை அவள் பக்கம் மட்டும் தெரியும். அவன் சொல்வதை ஆட வேண்டும். கடிகாரத்தை அமுக்க வேண்டும். எதிரே பார்த்துக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் சின்னவள் வழக்கம்போல் எல்லாவற்றையும் திறந்தாள். தடியன் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினான். தங்கையின் ராணியைப் பூட்டு தன் கையாலேயே பலகையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். மெதுவாக, சத்தமில்லாமல் வைத்தாள். அவளால் முடிந்தது அதுதான்.

கடைசி ஆட்டம்.

சின்னவள் அரங்குக்குள் வரும்போதே கண்கள் உள்ளே போயிருந்தன. மூன்றிலும் தோற்றால் வெளியே தலைகாட்ட முடியாது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சீட்டுக் குலுக்கலில் கிடைத்த வெள்ளைக் காயோடு தடியன் தொடங்கினான். நாலைந்து நகர்த்தல் போன பிறகு சின்னவள் ஒரு சிப்பாயை முன்னே தள்ளி, அவன் சிப்பாயோடு மூக்கை முட்ட வைத்தாள்.

பூட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து இன்னொரு சிப்பாய். அப்புறம் இன்னொன்று. திறந்தே ஆடிப் பழகிய பெண் பயத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் சந்து மிச்சமிருந்தது. அதை அடைக்க யானையைக் கொடுத்து பிஷப்பை வாங்கினாள். கொடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள், சொத்தை விற்றுக் கூரையை ஒட்டுப்போடுகிறவள் மாதிரி. முடிந்தது. பலகையில் இடம் வலம் எங்கும் வழியில்லை. சின்னவள் ராஜாவை இந்தக் கட்டத்துக்கு நகர்த்தினாள். பிறகு அந்தக் கட்டத்துக்கு.

அது பூட்டின் வீடு. தலைவலி நாளில் அவள் கட்டிய வீடு, செங்கலுக்குச் செங்கல் அதுவே. அவள் தங்கை தெரியாமலே அதைக் கட்டி உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

தடியன் யானையை நகர்த்தச் சொன்னான். பூட்டு நகர்த்தினாள். சின்னவள் ராஜாவை நகர்த்தினாள். மறுபடி யானை. மறுபடி ராஜா. அரங்கில் இருமல் சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஐம்பதை எண்ண வேண்டியதே இல்லை பூட்டுக்கு, திரை பார்த்துக்கொள்ளும். திரையில் தடியன் தான் ஜெயிப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயிப்பது எப்படி என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. யானையை வலது ஓரத்துக்கு, இடது ஓரத்துக்கு, மறுபடி வலது ஓரத்துக்கு நகர்த்துவதைத் தவிர அவன் மனதில் எதுவும் இல்லை.

பிறகு கணக்கு மாறியது. திரையில், இன்னும் சில நகர்த்தல்களுக்கு அப்பால், அந்தச் சிப்பாய் அசைந்தது. தடியன் தன் சுவரை இடிக்க முடிவு செய்துவிட்டான்.

இன்னும் கொஞ்ச நேரம் தங்கை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சிப்பாய் நகரும். அவள் சாம்பியன்; ஓட்டை தெரிந்தால் விடமாட்டாள். ஜெயிப்பாள். அரங்கமே எழுந்து நிற்கும். தடியன் தோற்ற ஆட்டம் என்று இன்றே கூட்டம் போட்டுத் திறப்பார்கள், திங்கட்கிழமைக்குள் அடைத்தும் விடுவார்கள். அப்புறம் கேக்.

எதிரே சின்னவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் வலது ஓரத்துச் சிப்பாயின் மேல் இருந்தது. எதைப் பார்த்து நடுங்குகிறாள் என்று பூட்டுக்கு விளங்கிற்று. யானையை அந்தச் சிப்பாயின் மேல் பலி கொடுத்துச் சுவரை உடைத்து ராணியை உள்ளே விடுவது. தடியன் அதற்குத்தான் தயார் செய்கிறான் என்று அவள் நினைக்கிறாள். பார்க்க பயங்கரமாக இருக்கும், ஆனால் நடக்காது. தடியன் அதை எப்போதோ பார்த்து, பலிக்காது என்று ஒதுக்கிவிட்டான். திரையில் அப்படி ஒரு எண்ணமே இல்லை. அத்தனை பெரிய மூளை சும்மா காயை நகர்த்திக்கொண்டிருக்கிறது என்று யார் நம்புவார்கள்?

யானை, வலது ஓரத்துக்கு. திரை சொன்னது.

இத்தனை நேரம் பூட்டு தடியனின் காய்களைத் தட்டையாக, வெறுமனே வைத்துக்கொண்டிருந்தாள், மேசையில் தம்ளர் வைப்பது மாதிரி. இந்த முறை யானையைத் தூக்கினாள். வலது ஓரத்துக் கட்டத்தில் வைத்தாள். வைத்து, விரலை எடுக்காமல், திருகினாள். மரத்தில் ஆணி இறக்குவது மாதிரி ஒரு திருகு. ஆட்டம் முடியப் போகிறது என்று தெரிந்த மாஸ்டர்கள் மட்டும் காயை அப்படி வைப்பார்கள். பிறகு கடிகாரத்தை அமுக்கினாள்.

ஏன் அப்படிச் செய்தோம் என்று அவள் அந்த நிமிடம் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கை செய்தது.

சின்னவள் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பூட்டு முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். விதி கேட்டதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொண்டாள். அப்புறம் சின்னவள் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் கையைத் தடியன் சார்பில் பூட்டுதான் குலுக்க வேண்டும். குலுக்கினாள். அது ஐஸ் மாதிரி இருந்தது. அரங்கில் கைதட்டல் எழுந்தது. சோடாபுட்டி மேடைக்கு ஏறக்கூடாது என்பதை மறந்து ஏறி, நடுவரிடம் திட்டு வாங்கி இறங்கினான். முதலாளி இருவரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் மதியம் சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்தாள். பேசக்கூடாது என்ற விதி முடிந்திருந்தது. பூட்டின் வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையலறையும். உட்காரக் கட்டில்தான். சின்னவள் செருப்பைக் கழற்றி உதறிவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்றிருந்தது முகம்.

"பேப்பரெல்லாம் பார்த்தியா? 'பயந்து ஓடினார் சாம்பியன்'னு போட்டிருக்கான். ஓடினேனாம். நான் நடந்துதான் வந்தேன்."

"விடுடி. ரெண்டு நாள் எழுதுவான், அப்புறம் வேற யாரையாவது பிடிச்சுப்பான். இரு, டீ போடறேன்."

"டீ அப்புறம்." சின்னவள் பையிலிருந்து சுருட்டிய பலகையையும் காய்களையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். மெத்தை குழிந்து காய்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. கடைசி ஆட்டத்தின் கடைசி நிலையை ஒவ்வொரு காயாக அடுக்கினாள். "ராத்திரி முழுக்க இதேதான் மண்டைக்குள்ள. நீ தடியனா ஆடு. நான் எப்படிச் செத்திருப்பேன்னு பார்க்கணும்."

"எதுக்கு இப்ப இது? முடிஞ்சு போச்சு."

"சும்மா ஆடுக்கா. என் திருப்திக்கு."

பூட்டு கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். காய்கள் இன்னும் சாய்ந்தன. சின்னவள் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள். "ம். உன் ஆட்டம்."

யானையைப் பலி கொடுக்கலாம். கொடுத்தால், நிதானமாக இருக்கும் சின்னவள் அது பலிக்காது என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். சிப்பாயைத் தள்ளலாம். தள்ளினால் அவளே அந்த ஓட்டையைக் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி. பூட்டு யானையை இடது ஓரத்துக்கு நகர்த்தினாள்.

சின்னவள் ராஜாவைத் திரும்ப நகர்த்தினாள்.

யானை வலது ஓரம். ராஜா. யானை இடது ஓரம். ராஜா.

"எப்ப உடைப்பான்?"

"கொஞ்சம் இரு. தயார் பண்றான்."

"சரி."

இன்னும் சில நகர்த்தல்கள் போயின. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். பூட்டு யானையை மறுபடி தொட்டாள். தொட்டபடியே இருந்துவிட்டாள்.

சின்னவள் பலகையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனால உடைக்கவே முடியாது. அப்படித்தானே?"

பூட்டு யானையின் தலையை விரலால் தடவினாள்.

"டிரா ஆகியிருக்கும்."

சின்னவள் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். அவள் சாம்பியன். சொல்லாத ஆட்டத்தையும் கணக்குப் போடத் தெரிந்தவள்.

"டிராகூட இல்ல போலிருக்கே" என்றாள் மெதுவாக. "அவன் டிராவுக்கு விடமாட்டான். எதையாவது தள்ளுவான். இதோ இதை." விரலால் அந்தச் சிப்பாயைத் தொட்டாள். "தள்ளினா நான் ஜெயிச்சிருப்பேன். உனக்கு முன்னாலயே தெரியும்."

"சின்னு..."

"போன்ல கேட்டேனே." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பூட்டுக்குத் தாங்க முடிந்திருக்கும். "சொல்லலைன்னா பரவாயில்ல. வேலை அப்படி, புரியுது. தடியனைப் பார்த்து நான் பயப்படல அக்கா. அவன் சும்மா நகர்த்தறான்னு எனக்கே பாதி தோணிட்டுதான் இருந்துச்சு. நீ அந்த யானையைத் திருகி வெச்ச பாரு. அதைப் பார்த்துதான் எழுந்திரிச்சேன். அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு, முடிஞ்சதுன்னு நினைச்சேன்."

செஸ்ஸில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். பூட்டின் விரல்கள் யானையின் மேல் இருந்தன. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"எப்ப உனக்கு? திங்கக்கிழமையா?" என்றாள் சின்னவள். "முதலாளி நேத்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தார், அக்காவுக்குக் கடைசி சான்ஸ்னு."

பூட்டு தலையசைத்தாள்.

"இதை வெச்சு ஜெயிச்சுக்கோ. நான் யார்கிட்டயும் சொல்லல."

"வேண்டாம்டி. நீ சொல்லிடு. பேப்பர்காரன்கிட்ட சொல்லு, எல்லார்கிட்டயும் சொல்லு."

"எதுக்கு? உனக்கு அந்த ரூம் வேணும்ல. வெச்சுக்கோ."

சின்னவள் கட்டிலிலிருந்து இறங்கினாள். குழிந்திருந்த மெத்தை நிமிர, சாய்ந்து நின்ற காய்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்தன. பூட்டு பிடித்திருந்த யானை மட்டும் நின்றது. சமையலறையில் பாத்திரம் உரசும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம், தீக்குச்சி கிழிக்கும் சத்தம்.

"அக்கா, சர்க்கரை எங்க வெச்சிருக்க?"

பூட்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"மேல் தட்டுல" என்றாள், யானையிலிருந்து கையை எடுக்காமலே.